கடைமடைக்கும் வந்து சேருமா அப்டேட்?

சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டி, பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி வருகிறது தாமல். காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெரிய ஏரிகளில் ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. ஏரிப் பாசனத்தில் பயிர் செய்பவர்களுக்குத் தண்ணீர்க் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மதகு திறந்த அன்றே தலைமடைக்காரர் வயல் நனைந்துவிடும். கடைமடைக்காரருக்குத்தான் கவலை. வாய்க்கால் தூர்ந்திருக்கிறதா, நடுவில் யாராவது மடை மாற்றிவிட்டார்களா, ராத்திரிக்குள் தண்ணீர் வந்து சேருமா என்று மண்வெட்டியும் கையுமாகக் காத்திருக்க வேண்டும்.

மென்பொருளுக்கும் தலைமடை, கடைமடை உண்டு. ஃபைபர் இணைப்பும் யுபிஎஸ்ஸும் உள்ள சென்னை அலுவலகத்தில், லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் ஓடும் கணினியில் ஒரு செயலியை நிறுவுவதும் புதுப்பிப்பதும் டீ குடித்து முடிப்பதற்குள் நடந்துவிடும். அதே செயலியை, அதே லினக்ஸில், தாமலிலோ உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலோ செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி நிறுவும் கல்லூரி மாணவிக்கு ஒரு மாலைப் பொழுதே போய்விடலாம். பாதியில் டேட்டா தீரும். கரண்ட் போகும். திரையில் ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி வந்து நிற்கும். அதற்கு என்ன பதில் அடிப்பது என்று கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்காது.

செயலியைத் தேடி எடுத்து, அதற்குத் தேவையான துணைக் கோப்புகளையும் சேர்த்து இறக்கி, சரியான இடத்தில் வைத்து, பிற்பாடு புதிய பதிப்பு வந்தால் மாற்றியும் தருகிற மென்பொருளுக்குப் பேக்கேஜ் மேனேஜர் என்று பெயர். கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சமாச்சாரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. லட்சக்கணக்கான லேப்டாப்களில் அரசே லினக்ஸை ஏற்றிப் பிள்ளைகள் கையில் கொடுத்த மாநிலம் தமிழ்நாடு. கொடுத்ததற்குப் பிறகு அந்த லினக்ஸில் என்ன நடந்தது, புதிய செயலி ஒன்று அதற்குள் போக வழி இருந்ததா என்பது பொதுப்பணத்தைப் பற்றிய கேள்வியும்கூட.

சென்னையில் பிறந்த லினக்ஸ்

2007 ஜனவரியில் 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' வெளியானது. சுருக்கமாக பாஸ். உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம். உலகெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்க்கும் டெபியன்தான் அதன் அடித்தளம். ஆகவே பாஸில் செயலிகளை நிறுவுவதும் புதுப்பிப்பதும் டெபியனின் 'ஆப்ட்' என்ற பேக்கேஜ் மேனேஜர் வழியேதான். ஏறத்தாழ அதே காலத்தில் தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அந்த நிறுவனத்தின் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். அரசு அலுவலகத்தில் லினக்ஸ் ஓடும் என்பதை வெறும் பேச்சாக விடாமல் செய்து காட்டிய முயற்சி அது.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு சேர்ந்து அந்த லேப்டாப்களுக்குள் வந்தது. 2014 ஏப்ரல் 8-ம் தேதி மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவை நிறுத்தியபோது, அரசுத் துறைகள் பாஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசு அறிவுறுத்தியது. பாஸும் நிற்கவில்லை. தரங், அனந்த், தேஜஸ், சாவிர், அனோகா, அனூப், திருஷ்டி, உன்னதி, ஊர்ஜா என்று பெயர் மாற்றி மாற்றி வளர்ந்து, 2024-ல் பிரக்யா என்ற 10-வது பதிப்பு வரை வந்திருக்கிறது. 2025-26 தமிழக பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்ற அறிவிப்பும் வந்தது.

இவ்வளவு நீண்ட வரலாற்றில் பேசப்பட்டதெல்லாம் எத்தனை லேப்டாப், என்ன விலை, எந்த கம்பெனி, எத்தனை ஜிபி என்பவைதான். கையில் வந்த பிறகு அதில் ஒரு செயலியைப் போடுவது எப்படி, ஆறு மாதம் கழித்து அதைப் புதுப்பிப்பது எப்படி என்ற பேச்சு எழவேயில்லை. லினக்ஸைத் திறந்து பார்த்த மாணவர், தனக்கு வேண்டியதை அதில் போட்டுக்கொள்ளத் தெரியாமல் விண்டோஸ் பக்கம் திரும்பினார் என்றால் குறையை அவர்மேல் ஏற்றுவது நியாயமில்லை.

'இன்ஸ்டால்' என்று அடித்த பிறகு

சிறுவர்களுக்கான ஜிகாம்ப்ரிஸ் என்ற கல்விச் செயலியை எடுத்துக்கொள்வோம். தமிழிலும் கிடைக்கிறது. டெர்மினலைத் திறந்து 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஜிகாம்ப்ரிஸ்-க்யூடி' என்று அடித்து, பாஸ்வேர்டு கொடுத்தால் வேலை தொடங்கும்.

முதலில் ஆப்ட், தன்னிடம் இருக்கும் பட்டியலைப் புரட்டுகிறது. எந்தப் பேக்கேஜ் எதைச் சார்ந்தது, எந்தப் பதிப்பு எதோடு ஒத்துப்போகும், எது எதோடு ஒத்துப்போகாது என்ற விவரமெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 9-ல் வெளியான டெபியன் 13-ல் மட்டும் 69,830 பேக்கேஜ்கள். இத்தனையில் இருந்து இந்த ஒரு செயலிக்கு எவையெவை வேண்டும் என்று கணக்குப்போட்டு, 'இவ்வளவு இறக்க வேண்டும், வட்டில் இவ்வளவு இடம் போகும், தொடரவா?' என்று கேட்கிறது. சரி என்றால் இறக்கம் தொடங்குகிறது. இறங்கிய ஒவ்வொரு கோப்பும் கையொப்பமிட்ட பட்டியலில் உள்ள குறியீட்டோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கப்படுகிறது. நடுவில் யாராவது கைவைத்திருந்தால் அது நிறுவப்படாது.

ஹாட்ஸ்பாட் அறுந்தால்? அங்கே பழைய ஆட்களின் முன்யோசனை கைகொடுக்கிறது. பாதி இறங்கிய கோப்பு 'பார்ஷியல்' என்ற டைரக்டரியில் காத்திருக்கும். இணைப்பு திரும்பி வந்து அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆப்ட் பிறந்தது 1998-ல், டயல்-அப் மோடம்கள் கிறீச்சிட்ட காலம். இணைப்பு அறுவது விதிவிலக்கில்லை, தினசரி நடப்பதுதான் என்று நினைத்து எழுதியவர்களின் வேலை அது. இன்றைக்குக் கிராமத்தில் லினக்ஸ் ஓட்டுபவர்கள் அவர்களுக்கு நன்றி சொல்லலாம்.

கோப்புகள் இறங்கிய பிறகு ஆப்ட் ஒதுங்கிக்கொள்ள, 'டிபேக்கேஜ்' என்ற இன்னொரு மென்பொருள் பொறுப்பேற்கிறது. பொட்டலத்தைப் பிரிப்பது, கோப்புகளை அதனதன் இடத்தில் வைப்பது, முன்னும் பின்னும் ஓட வேண்டிய சிறு ஸ்கிரிப்ட்களை ஓட்டுவது எல்லாம் அதன் பொறுப்பு. ஒவ்வொரு பேக்கேஜும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று 'ஸ்டேட்டஸ்' என்ற ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். பிரித்தாயிற்று, அமைப்பு பாதியில் இருக்கிறது, முடிந்தது என்று.

இந்தக் கட்டத்தில் கரண்ட் போனால்தான் வினை. பேட்டரி உழைத்து ஓய்ந்து, சார்ஜர் செருகினால் மட்டும் உயிர்வரும் பழைய லேப்டாப் அப்படியே அணைந்துவிடும். கரண்ட் வந்து மறுபடி ஆப்ட்டைக் கூப்பிட்டால், முன்பு பாதியில் நின்றுபோனது, 'டிபேக்கேஜ் --கான்ஃபிகர் -ஏ' என்ற கட்டளையை நீங்களே ஓட்டுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். தெரிந்தவர் அதை அப்படியே அடிப்பார், பெரும்பாலும் சரியாகிவிடும். தெரியாதவருக்கு அந்த லேப்டாப்பில் இனி எந்தச் செயலியும் ஏறாது. லினக்ஸ் கெட்டுப்போச்சு என்று நினைத்து விண்டோஸ் பக்கம் போய்விடுவார்.

என்ன செய்ய வேண்டும் என்று இயந்திரத்துக்கே தெரிகிறது. கட்டளையை எழுத்துப் பிசகாமல் சொல்கிறது. பிறகு அதை மனிதர் தட்டச்சு செய்ய வேண்டிய அவசியம் என்ன? கெட்டிக்கார நிர்வாகி ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார் என்று எண்ணிக் கட்டிய சர்வர் உலகத்தின் பழக்கம் இது. வீட்டு லேப்டாப்புக்கு அது பொருந்தாது. டெஸ்க்டாப்பில் லாகின் ஆனதும், 'நேற்று நடுவில் நின்ற நிறுவலை முடித்துவிடலாமா?' என்று தமிழில் ஒரு பொத்தான் காட்டினால் போதும்.

ஆண்ட்ராய்டு இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. 2016-ல் வந்த 7.0 நௌகட் பதிப்பு முதல், அதற்கு இசைந்த போன்களில் இயங்குதளத்துக்கு இரண்டு இடங்கள். ஒன்றில் போன் ஓடிக்கொண்டிருக்க, மற்றதில் புதிய பதிப்பு ஏறும். முழுதாக ஏறிய பிறகே ரீஸ்டார்ட் ஆகும்போது இடம் மாறும். நடுவில் போன் அணைந்தாலும் பழையது பத்திரம். லினக்ஸிலும் ஃபெடோரா சில்வர்ப்ளூ போன்றவை இதே நோக்கத்தில், புதியதைத் தனியே தயாரித்து வைத்துக்கொண்டு ஒரே தாவாகத் தாவும் முறையைக் கையாள்கின்றன. மின்வெட்டுக்குப் பழகிய ஊர்களுக்குப் பொருத்தமான அமைப்பு இது.

'யெஸ், டூ ஆஸ் ஐ சே!'

எச்சரிக்கை எப்படிச் சொல்லப்படுகிறது என்பதும் பேக்கேஜ் மேனேஜரின் தரத்தில் சேர்த்தி. 2021 நவம்பரில் உலகமே பார்க்க ஒரு விபத்து நடந்தது. கனடாவின் புகழ்பெற்ற யூட்யூபர் லைனஸ் செபாஸ்டியன், விளையாட்டுகளுக்காக லினக்ஸுக்கு மாறிப்பார்க்கும் தொடர் ஒன்றைத் தொடங்கினார். பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் செயலியை நிறுவப் போனார். பேக்கேஜ் ஒன்றின் சார்புக் கணக்கில் பிழை இருந்தது. ஸ்டீமை ஏற்ற வேண்டுமானால் டெஸ்க்டாப்பையே கழற்ற வேண்டும் என்று ஆப்ட் முடிவுக்கு வந்தது. நீக்கப்போகும் பேக்கேஜ்களின் பட்டியலைச் சரசரவென்று ஓட்டிவிட்டு, ஆபத்தானது, உறுதியாக வேண்டுமென்றால் 'யெஸ், டூ ஆஸ் ஐ சே!' என்று அடியுங்கள் என்றது. அவர் அடித்தார். டெஸ்க்டாப் போயே போய்விட்டது. கறுப்புத் திரை.

அவர் எச்சரிக்கையைப் படிக்கவில்லை என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் ஆப்ட்டைப் பராமரிப்பவர்கள் பொறுப்பாக நடந்துகொண்டார்கள். சில நாட்களிலேயே வந்த 2.3.12 பதிப்பில் அந்த வாக்கியத்தை அடித்து ஒப்புக்கொள்ளும் வழியே அடைக்கப்பட்டது. அத்தியாவசியமான பேக்கேஜை நீக்கும் நிலை வந்தால் ஆப்ட் இப்போது மறுத்து நின்றுவிடும். 2025 ஏப்ரலில் வந்த 3.0 பதிப்பில் திரையே மாறிவிட்டது. நிறுவப்படுபவை பச்சையில், நீக்கப்படுபவை சிவப்பில், வரிசை கட்டிய பத்திகளில் தெரிகின்றன. சார்புக் கணக்குப் போடும் பகுதியையும் புதிதாக எழுதி வருகிறார்கள். செய்த மாற்றத்தைத் திருப்பிப்போடும் 'அன்டூ' வசதியும் அதற்குப் பின்வந்த பதிப்புகளில் சேர்ந்திருக்கிறது.

இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய மென்பொருளில் ஒரு சாதாரணப் பயனரின் தடுமாற்றம் மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறது. அவருக்குக் கோடிக்கணக்கான பார்வையாளர்கள் இருந்தார்கள் என்பது நிஜம். அரசு லேப்டாப்பில் பாஸைத் திறந்து தடுமாறிய பிள்ளைகளுக்குக் கேமரா இல்லை. அவர்கள் எங்கே, எந்த வரியில் நின்றுபோனார்கள் என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் குறித்திருந்தால், இந்த மாற்றங்களில் சில பத்து வருஷத்துக்கு முன்பே வந்திருக்கும்.

பழசா, பாரமா?

டெபியன் வழியில் இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. அங்கே செயலியும் இயங்குதளமும் ஒரே மூட்டை. சுமார் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் சேர்த்துச் சோதித்து, ஒரு பதிப்பாக வெளியிட்டு, அத்தோடு உறையவைத்துவிடுவார்கள். பிறகு பாதுகாப்புத் திருத்தம் வரும், புதிய வசதி வராது. 2023 ஜூன் 10-ல் வந்த டெபியன் 12-ல் இருந்தது லிப்ரேஆஃபீஸ் 7.4. 7.4-க்குப் பிறகு 7.5, 7.6, 24.2, 24.8 எல்லாம் வந்து போயின. பேக்போர்ட்ஸ் என்ற தனி வழியைத் தெரிந்து திறந்துகொண்டவர்களுக்கு அவை கிடைத்தன. மற்றவர்களுக்கு டெபியன் 13 வரும்வரை 7.4-தான்.

இந்த உறைநிலைக்கு நல்ல பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2024 மார்ச் 29-ம் தேதி ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் ரிமோட் லாகின் அரை விநாடி அதிகம் எடுப்பதைத் துருவிக்கொண்டே போனதில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளுக்குள் யாரோ திட்டமிட்டு ஒளித்துவைத்திருந்த கள்ளக்கதவை அம்பலப்படுத்தினார். டெபியனின் சோதனைப் பதிப்புகளில் அது ஏறியிருந்தது. நிலைப்பதிப்பை ஓட்டியவர்களைத் தொடவில்லை. மெதுவாக வருவதே அன்று காப்பாற்றியது.

செயலியை இயங்குதளத்திலிருந்து பிரித்துவிட்டால் உறுதி, புதுமை இரண்டுக்கும் வழி பிறக்கும் என்று யோசித்தவர்கள்தான் ஸ்னாப், ஃபிளாட்பேக், ஆப்இமேஜ் ஆகியவற்றைக் கொண்டுவந்தார்கள். அடித்தளம் பழசாக, உறுதியாக இருக்கட்டும். செயலி மட்டும் தனக்கு வேண்டியதைத் தானே சுமந்துகொண்டு புதிதாக வரட்டும். ஸ்னாப் 2016-ல் உபுண்டு 16.04-உடன் பரவியது. ஃபிளாட்பேக் அதே வருஷம் அந்தப் பெயரைப் பெற்றது.

செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்கிரேடு ஆனால் என்ன ஆகும் என்பதிலும் இவை முன்னேறின. பழைய முறையில், ஃபயர்ஃபாக்ஸ் திறந்திருக்கும்போது ஆப்ட் அதன் கோப்புகளை மாற்றிவிட்டால் அடுத்து திறக்கும் டேப், ரீஸ்டார்ட் செய்தால்தான் வேலை செய்வேன் என்று அடம்பிடிக்கும். ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருப்பவர் பாதியில் தவிப்பார். ஸ்னாப் அந்த இடத்தில் காத்திருந்து, செயலியை மூடினால் புதுப்பிக்கிறேன் என்று சொல்கிறது.

ஆனால் பாரம் அதிகம். ஃபிளாட்பேக்கில் முதல் செயலியை நிறுவும்போது 'ரன்டைம்' என்ற பொது அடித்தளமும் சேர்ந்து இறங்கும். சில நூறு எம்பி. நாளுக்கு ஒன்றரை ஜிபி ரீசார்ஜில் இருப்பவருக்கு ஒரு வரைபடச் செயலிக்காக அன்றைய டேட்டாவில் பெரும்பங்கு போய்விடும். அடுத்தடுத்த செயலிகள் அதே ரன்டைமைப் பங்குபோட்டுக்கொள்ளும், அப்டேட்டில் மாறிய பகுதி மட்டும் இறங்கும் என்பது ஆறுதல். ஸ்னாப் ஒரு நாளைக்கு நான்கு முறை தானாகவே புதுப்பிப்பு பார்க்கும். ஹாட்ஸ்பாட்டில் இருக்கிறோமே என்று தயங்கும் பயனருக்குக் காலவரையின்றி நிறுத்திவைக்கும் வசதி, பல வருஷக் கோரிக்கைக்குப் பிறகு 2022 கடைசியில்தான் வந்தது. 2 ஜிபி ரேம் கொண்ட பழைய அரசு லேப்டாப்பில் கனமான ஸ்னாப் செயலி திறக்கும் வேகத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

நம்பிக்கை விஷயம் அதைவிட முக்கியம். டெபியனில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் பொறுப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார். ஸ்னாப் ஸ்டோர் போன்ற திறந்த கடைகளுக்கு யார் வேண்டுமானாலும் செயலியைச் சமர்ப்பிக்கலாம். 2018-ல் ஸ்னாப் ஸ்டோரில் இருந்த 2048 விளையாட்டு ஒன்றுக்குள் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் ஒளிந்திருந்தது தெரியவந்தது. 2024-ல் போலி வாலட் செயலி ஒன்றை நம்பி ஒருவர் 9 பிட்காயின் இழந்தார். ஆகவே எல்லாவற்றையும் ஸ்னாப்புக்கோ ஃபிளாட்பேக்குக்கோ மாற்றிவிடுங்கள் என்று சொல்வது அவசரம். டெபியன் அடித்தளம், அதன்மேல் பள்ளி கல்லூரிக்குத் தேவையான சில டஜன் செயலிகளை மட்டும் பொறுக்கி எடுத்து, சோதித்து, புதிதாக வைத்திருக்கும் ஒரு தனிக் களஞ்சியம் என்பதே நமக்கு ஏற்றது. அந்தக் களஞ்சியத்தைப் பராமரிக்கும் திறமை சி-டாக்கின் சென்னை மையத்திலேயே இருக்கிறது.

வேறு உலகங்களிலும் இதே சண்டை நடக்கிறது. மேக் கணினிகளில் ஹோம்ப்ரூ மூலம் நிறுவும் டெஸ்க்டாப் செயலிகள் பல, தங்களைத் தாங்களே புதுப்பித்துக்கொள்ளும். பேக்கேஜ் மேனேஜரின் ஏட்டில் பழைய எண்ணே இருக்கும். அப்கிரேடு செய்வது யார் பொறுப்பு, செயலியா மேனேஜரா என்ற குழப்பத்துக்காகவே 'கிரீடி' என்று ஒரு தனி விருப்பத்தேர்வு அங்கே வைக்க வேண்டியதாயிற்று. மைக்ரோசாஃப்ட்டே 2020-ல் விண்டோஸுக்கு விங்கெட் என்ற பேக்கேஜ் மேனேஜரைக் கொண்டுவந்தது. லினக்ஸ்காரர்கள் கால் நூற்றாண்டாகச் செய்வது சரியான வழி என்று அதற்கும் தெரிந்துவிட்டது.

பென் டிரைவில் வரும் களஞ்சியம்

கடைமடைக்காக எழுதப்பட்ட மென்பொருள்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் அருமையானது ஆப்ட்-ஆஃப்லைன். எழுதியவர் ரித்தேஷ் ராஜ் சரஃப் என்ற இந்திய டெபியன் டெவலப்பர். இணையம் இல்லாத கணினியில் 'ஆப்ட்-ஆஃப்லைன் செட்' என்று அடித்தால், அந்தக் கணினிக்கு என்னென்ன பேக்கேஜ் வேண்டும் என்று ஒரு சிறு கோப்பு தயாராகும். அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, நல்ல இணைப்புள்ள வேறு கணினிக்குப் போய் 'கெட்' கொடுத்தால் தேவையானதெல்லாம் ஒரே மூட்டையாக இறங்கும். பைத்தானில் எழுதப்பட்டது என்பதால் அந்தக் கணினி விண்டோஸாக இருந்தாலும் சரி. ஊருக்குத் திரும்பி 'ஆப்ட்-ஆஃப்லைன் இன்ஸ்டால்' கொடுத்தால் அவை ஆப்ட்டின் கையிருப்பில் சேரும். பிறகு வழக்கமான ஆப்ட் கட்டளையே இணையம் இல்லாமல் நிறுவிவிடும். தாமலில் இருந்து காஞ்சிபுரத்துக் கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் மாணவி, கல்லூரி லேபில் இறக்கி வீட்டில் ஏற்றிக்கொள்ளலாம். ஒரு பைசா டேட்டா செலவில்லை.

இந்த நாட்டுக்கு இந்தப் பழக்கம் புதிதுமில்லை. 1990-களின் நடுவிலேயே அதுல் சிட்னிஸ் போன்றவர்களின் முயற்சியில் பிசிக்வெஸ்ட் பத்திரிகையோடு வந்த சிடியில்தான் பலர் லினக்ஸை முதலில் பார்த்தார்கள். பிறகு உபுண்டு 2011 வரை கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் சிடி அனுப்பியது.

பள்ளிகளுக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஹைடெக் லேப்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. லினக்ஸ் ஓடும் ஒரு லேபில் 20 கணினிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் புதுப்பித்தால் ஒரே கோப்பு 20 முறை இறங்கும். 'ஆப்ட்-கேச்சர்-என்ஜி' என்ற மென்பொருளை ஒரு கணினியில் போட்டு, மற்ற 19-ஐயும் அதன் 3142-ம் போர்ட் வழியே கேட்கச் சொன்னால் முதல் கணினிக்கு இறங்கியதே மற்றவற்றுக்கும் போகும். ஒரு ஆசிரியர், ஒரு மதிய நேரம் போதும். மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இணைப்பு என்ற இலக்கோடு தமிழக அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் வேலை செய்துவருகிறது. அந்த இழை வந்துசேரும் ஊராட்சி அலுவலகத்திலோ பள்ளியிலோ இப்படி ஒரு கணினி இருந்தால், ஊர் லேப்டாப்கள் எல்லாம் அங்கேயே வந்து புதுப்பித்துக்கொண்டு போகலாம்.

பக்கத்து மாநிலம் இதை வேறு விதமாகச் செய்தது. பள்ளிகளின் தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் கேரள அரசின் கைட் அமைப்பு, உபுண்டுவை எடுத்துப் பாடத்திட்டத்துக்கு வேண்டிய செயலிகளை எல்லாம் முன்கூட்டியே சேர்த்து, மலையாளத்தோடு ஒரே மூட்டையாகப் பள்ளிகளுக்குக் கொடுக்கிறது. 2019-ல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கான புதிய பதிப்பை வெளியிட்டபோது, இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அந்த அமைப்பு கணக்குச் சொன்னது. தொகையைவிட முக்கியமானது ஆசிரியர் பயிற்சி. செயலி, பாடப்புத்தகம், பயிற்சி மூன்றையும் ஒரே கை பார்த்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் லேப்டாப் ஒரு துறை, இயங்குதளம் மத்திய நிறுவனம், பாடம் இன்னொரு துறை. நடுவில் அப்டேட் யாருடைய வேலையும் இல்லாமல் போனது.

அந்த இடைவெளியை இங்கே தன்னார்வலர்கள் நிரப்பிவருகிறார்கள். காஞ்சிபுரத்திலேயே 'காஞ்சி லக்' என்ற லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. வாராந்திரக் கூட்டத்தை இணையவழியே நடத்துகிறது. பேச்சு பெரும்பாலும் தமிழில். எந்த ஊரில் இருந்தும் நுழைந்து, என் லேப்டாப்பில் இது ஏறமாட்டேன் என்கிறது என்று கேட்கலாம். த. சீனிவாசன் முன்னின்று 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ், கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதிக் குவித்திருக்கிறது. விழுப்புரத்து லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களைத் தேடிப்போய்ப் பயிற்சி தருகிறது. டெபியனின் நிறுவியைத் தமிழிலேயே ஓட்ட முடிவது டாக்டர் தி. வாசுதேவன் போன்ற மொழிபெயர்ப்பாளர்களின் பல வருஷ உழைப்பு. சம்பளம் இல்லாமல் இவர்கள் செய்வதில் நூற்றில் ஒரு பங்கு அரசு ஆதரவு சேர்ந்தாலும் பலன் பெரிது.

கேட்பது பெரிய தொகையுமில்லை. அடுத்த தவணை லேப்டாப்களில் பாஸ் ஏற்றப்படுமானால், அதில் ஆப்ட்-ஆஃப்லைன் முன்கூட்டியே நிறுவப்பட்டு, டெர்மினல் இல்லாமல் சுட்டியாலேயே இயக்கத் தமிழில் ஒரு சிறு சாளரமும் இருக்க வேண்டும். அறுந்துபோன நிறுவலை முடிக்கும் பொத்தான் வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு அரசுக் கல்லூரி, பாஸ் களஞ்சியத்தின் நகலை வைத்துக்கொள்ள வேண்டும். முழு நகல்கூட வேண்டாம். லிப்ரேஆஃபீஸும் அதன் தமிழ் மொழிப்பொதியும், லோகித் தமிழ் எழுத்துரு, தமிழ் தட்டச்சுக்கான ஐபஸ், படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் படிக்கும் டெசராக்ட், ஜிகாம்ப்ரிஸ், ஜியோஜீப்ரா, ஸ்கிராட்ச், பைத்தான், அவற்றின் சார்புகள், மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தங்கள். இவ்வளவும் சாதாரண ஹார்டு டிஸ்க் ஒன்றில் அடங்கிவிடும். மாதம் ஒரு முறை அதைப் புதுப்பிக்கும் வேலையை அந்தக் கல்லூரியின் கணினி அறிவியல் மாணவர்களிடம் புராஜெக்டாகவே கொடுக்கலாம்.